பொது எச்பிஎல்சி கருவியில் காலம் (column) மாற்றும்போதும் எடுத்து வைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி எச்பிஎல்சி. அதில் பிரிக்கும் வேலையைச் செய்யும், துகள்கள் நிரப்பிய குழாய்தான் காலம். பலர் பயன்படுத்தும் எச்பிஎல்சியில் நல்ல காலம் ஒன்று வீணாவது, பெரும்பாலும் ஒருவர் வேலை முடித்து எழுந்து அடுத்தவர் வந்து உட்காரும் இடைவெளியில்தான். லைனில் (திரவம் ஓடும் குழாய்வழியில்) கடைசியாக என்ன ஓடியது என்று வந்தவருக்குத் தெரியாது. போனவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்.

அதிகம் நடக்கும் தவறு, பாஸ்பேட் பஃபர் (உப்பு கரைந்த நீர்க்கரைசல்) ஓட்டி முடித்த கையோடு நேராக அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானுக்கு மாறுவது. கழுவத்தானே செய்கிறோம் என்று தோன்றும். ஆனால் அசிட்டோநைட்ரைல் 70 சதவீதத்தை நெருங்கினாலே பொட்டாசியம் பாஸ்பேட் கரைசலில் நிற்காது. பம்ப்பின் செக் வால்வு, டியூப், காலமின் முகப்பில் உள்ள ஃபிரிட் என்ற வடிகட்டித் தகடு என்று போகிற வழியெல்லாம் உப்பு படியும், பிரஷர் ஏறும். முதலில் பஃபரை எடுத்துவிட்டு, உப்பில்லாத தண்ணீர் 90, அசிட்டோநைட்ரைல் 10 என்ற கலவையை ஓட்டுங்கள். 250 × 4.6 மி.மீ. காலமுக்குள் நிற்கும் திரவம் சுமார் 2.5 மி.லி. அதைப்போலப் பத்து மடங்கு ஓட வேண்டும். நிமிடத்துக்கு 1 மி.லி. என்றால் 25 நிமிடம். அப்புறம்தான் அசிட்டோநைட்ரைலைக் கூட்ட வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் உப்பு உள்ளேயே இருக்கும்.

உப்பு போகட்டும் என்று வெறும் தண்ணீரில் கழுவி அப்படியே மூடி வைப்பதும் தவறுதான். ஓட்டம் நின்று பிரஷர் இறங்கியதும், சாதாரண சி18 (தண்ணீரோடு ஒட்டாத துகள்கள் நிரப்பிய, பரவலாகப் பயன்படும் காலம்) தன் நுண்துளைகளில் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அடுத்த ஓட்டத்தில் பீக்குகள் (ஒவ்வொரு பொருளும் வெளிவரும்போது பதிவாகும் மேடுகள்) முன்கூட்டியே வந்துவிடும். தேங்கிய தண்ணீரில் பாக்டீரியாவும் வளரும்.

சி18 வகையை 65 முதல் 80 சதவீத அசிட்டோநைட்ரைலில் வைக்கலாம். அதையே எல்லாக் காலமுக்கும் விதியாக்கிவிடக் கூடாது. சர்க்கரைகளைப் பிரிக்கும் கால்சியம் ரெசின் வகைக்கு அசிட்டோநைட்ரைல் அதிகமானால் ரெசின் கெட்டுவிடும். அதைத் தண்ணீரில்தான் வைக்க வேண்டும். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் வகையை, கிருமி வளராமல் இருக்கச் சிறிதளவு சோடியம் அசைடு சேர்த்து வைப்பார்கள். பெட்டியோடு வரும் தாளில் எல்லாம் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆக்டேன் சல்போனேட் போன்ற அயனி ஜோடிப் பொருள் (மின்னேற்றமுள்ள பொருள்களைப் பிரிக்கக் கரைப்பானில் சேர்ப்பது) ஓடிய காலமை அந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அது முழுதாகப் போகாது.

இனி மாற்றும் வேலை. பம்ப்பை நிறுத்தி, பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகே கழற்ற வேண்டும். அடுத்த காலமை உடனே மாட்டாதீர்கள். சாம்பிளை ஏற்றும் இன்ஜெக்டரிலிருந்து வரும் டியூபை ஒரு பீக்கரில் விட்டு, புதிய கரைப்பானால் லைனை முழுக்கக் கழுவுங்கள். இன்ஜெக்டரில் சாம்பிள் நிற்கும் சிறு குழாயான லூப்புக்குள்ளும் பழையது நிற்கும். முன்னவர் தண்ணீரோடு கலக்காத ஹெக்சேன் ஓட்டியிருந்தால் நடுவே ஐசோபுரோப்பனால் ஓடியே ஆக வேண்டும். அதன் பாகுத்தன்மை அதிகம் என்பதால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு காலமின் மேல் ஓட்டத் திசை காட்டும் அம்புக்குறி பார்த்து உள்முனையை மட்டும் மாட்டி, நிமிடத்துக்கு 0.2 மி.லி.யில் தொடங்கி, மறுமுனையில் திரவம் குமிழியில்லாமல் சொட்டும்வரை பாருங்கள். அதுவரை டிடெக்டரை இணைக்க வேண்டாம்.

டியூபைக் காலமோடு இணைக்கும் பிட்டிங்கில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. டியூபைப் பிடித்துக்கொள்ளும் சிறு வளையமான பெர்ரூலைத் தாண்டி டியூப் நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: வாட்டர்ஸ் வகையில் சுமார் 3.3 மி.மீ., பார்க்கர் வகையில் சுமார் 2.3 மி.மீ. ஸ்டீல் பெர்ரூல் ஒருமுறை இறுகினால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். அதை வேறு கம்பெனிக் காலமில் மாட்டினால், டியூப் குட்டையாக இருக்கும்போது உள்ளே இடைவெளி விழுந்து பீக்குகள் அகன்று வால் நீளும். நீளமாக இருக்கும்போது கசியும். காலமே பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிதுக்கு ஆர்டர் போடுபவர்கள் நிறையப் பேர். ஸ்பேனரால் மேலும் இறுக்கினால் மரைதான் தேயும். பொதுக் கருவிக்குக் கையால் இறுக்கும் பிளாஸ்டிக் பிட்டிங்கே நல்லது; பிரஷர் எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பல காலம்களை மாட்டி வைத்து வேண்டியதற்கு மாற்றும் காலம் தேர்வு வால்வு இருக்கும் கருவியில் கழற்றும் வேலையே இல்லை என்பதால் அலட்சியம் வந்துவிடுகிறது. ஆறாவது இடத்தில் இருக்கும் காலம், ஒரு வாரமாக யாரோ விட்டுப்போன பஃபரிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

கழற்றிய காலமின் இரு முனைகளையும் பிளக் போட்டு இறுக்கமாக மூடுங்கள். லூசாக இருந்தால் உள்ளே காய்ந்துவிடும். ஒரு சீட்டில் தேதி, உள்ளே இருக்கும் கரைப்பான், இதுவரை ஏற்றிய சாம்பிள்களின் எண்ணிக்கை, கடைசியாகக் கண்ட பிரஷர், அப்போது ஓடிய கரைப்பானும் வேகமும் எழுதிக் கட்டிவிடுங்கள். அடுத்தவர் அதே கரைப்பானை அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்தால், பிரஷர் கூடியிருக்கிறதா என்பது தன் சாம்பிளை ஏற்றும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.