பொஹீமிய மூதாதையரைத் தேடுவது எப்படி? ஊர்ப்பெயரிலிருந்து வீட்டு எண் வரை

என் மருமகள் அயோவா மாநிலத்துப் பெண். அவளுடைய எள்ளுத்தாத்தாவைப் பற்றி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே ஒரு வரிதான்: 'பொஹீமியாவிலிருந்து கப்பலில் வந்தவர்.' பேரக்குழந்தை பிறப்பதற்குள் அந்த ஒரு வரியை நீட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். இரண்டு பேரும் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தேடினோம். அதில் கற்றதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பொஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பாதி. 1918 வரை ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கிருந்து 1848-க்குப் பிறகு ஏராளமானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். டெக்சாஸ், விஸ்கான்சின், அயோவா, நெப்ராஸ்கா, சிகாகோ என்று பரவினார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு செக் ஆவணங்களுக்குள் நுழையாதீர்கள். அங்கே ஆவணங்கள் ஊர் வாரியாகத்தான் இருக்கின்றன. ஊர் தெரியாமல் போனால் கடலில் ஊசி தேடுகிற கதைதான்.

படி 1: அமெரிக்காவிலேயே ஊர்ப்பெயரைப் பிடியுங்கள்

பழைய ஜெபப் புத்தகம், கடிதம், புகைப்படத்தின் பின்பக்கம், இறப்புச் செய்தி, கல்லறைக்கல் இவைதான் முதல் இடங்கள். செக் மொழிக் கல்லறைகளில் 'நரோஸென்' என்றால் பிறந்தவர், 'ஸெம்ர்ஷெல்' என்றால் இறந்தவர். பெண்ணின் பெயரோடு 'ரோஸெனா' என்று வந்தால் அடுத்து வருவது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். சில கற்களில் சொந்த ஊரும் செதுக்கியிருப்பார்கள்.

குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் அமெரிக்கப் பங்குக் கோவிலின் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) திருமணப் பதிவைக் கட்டாயம் பாருங்கள். செயின்ட் லூயிஸில் 1854-இல் செக் மக்களுக்கென்றே ஒரு கோவில் எழுந்தது. அப்படிப்பட்ட கோவில்களில் பங்குத்தந்தையும் செக் இனத்தவராக இருந்தால் ஊர்ப்பெயரைச் சரியாகக் காதில் வாங்கி எழுதியிருப்பார்.

ஆனால் வந்தவர்களில் நிறையப் பேர் கோவிலை விட்டே விலகியவர்கள், சுதந்திரச் சிந்தனையாளர்கள். அவர்களைக் கோவில் ஏட்டில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்களுக்கு சகோதர சங்கங்களும் தனி இடுகாடுகளும் இருந்தன. 1854-இல் தொடங்கிய சி.எஸ்.பி.எஸ். என்ற செக்-ஸ்லாவ் உதவிச் சங்கமும், 1877-இல் உருவான சிகாகோ பொஹீமிய தேசிய இடுகாடும் அந்த வகை. உறுப்பினர் ஏடுகளை அங்கே கேளுங்கள்.

குடியுரிமைத் தாள்களை நம்பி நாங்கள் ஒரு மாதம் வீணடித்தோம். 1906-க்கு முந்தைய தாள்களில் பெரும்பாலும் 'ஆஸ்திரியப் பேரரசருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்பதைத் தாண்டி உருப்படியாக எதுவும் இருக்காது.

படி 2: பெயர் எப்படியெல்லாம் மாறியிருக்கும் என்று எழுதி வையுங்கள்

செக்கில் வாத்ஸ்லாவ், ஜெர்மனில் வென்செல், அமெரிக்காவில் ஜேம்ஸ். மூன்றும் ஒரே ஆள்! ஃபிரான்டிஷெக் ஃபிராங்க் ஆவார், வொய்த்யெக் ஆல்பர்ட் ஆவார். பெண்களின் குடும்பப் பெயர் பெரும்பாலும் 'ஓவா' என்று முடியும். அப்பா நோவாக் என்றால் மகள் நோவாகோவா. அமெரிக்காவில் அந்த 'ஓவா' உதிர்ந்துவிடும். வயதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று ஆண்டு முன்பின் பாருங்கள்.

'எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள்' என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அது உண்மையில்லை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாரானது. குடியேற வந்தவர்களை நியூயார்க்கில் சோதித்து அனுப்பிய எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல்தான். அதற்கு முன் நியூயார்க்கில் இறங்கியவர்கள் 1855 முதல் காசில் கார்டன் என்ற பழைய நிலையத்தின் வழியாக வந்தார்கள். பெயரைப் பின்னால் மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அவர்களேதான்.

படி 3: கப்பல் பட்டியல்

ஹாம்பர்க் துறைமுகத்தின் புறப்பாட்டுப் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. அதில் முன்பு வசித்த ஊர் என்று ஒரு பத்தி உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் கிராமத்தின் பெயரே கிடைக்கும். பட்டியல் இரண்டு வகை: நேராக அமெரிக்கா போன கப்பல்கள் ஒன்று, இங்கிலாந்து வழியாக மாறிப் போனவர்கள் இன்னொன்று. முதலாவதில் இல்லையென்றால் இரண்டாவதையும் பாருங்கள்.

பொஹீமியர்கள் அதிகம் பயன்படுத்திய இன்னொரு துறைமுகம் பிரேமன். அதன் பட்டியல்களில் 1920-க்கு முந்தையவை ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. அப்படியானால் அமெரிக்கா பக்கத்து வருகைப் பட்டியல்தான் கதி: நியூயார்க், பால்டிமோர், டெக்சாஸ் போனவர்களுக்குக் கால்வெஸ்டன். 1893 முதல் அதில் கடைசியாக வசித்த இடம் கேட்கப்பட்டது. 1907 முதல் சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர் பெயரும் பிறந்த ஊரும் சேர்ந்தன. பழைய பட்டியல்களில் 'பொஹீமியா' என்று மட்டும் இருக்கும். அப்போதும் மனம் தளர வேண்டாம். அதே பக்கத்தில் முன்னும் பின்னும் இருக்கும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாகத்தான் கிளம்பினார்கள். எங்களுக்கு ஊர் கிடைத்தது அப்படித்தான்: பட்டியலில் அடுத்த வரியில் இருந்தவரின் கல்லறைக்கல்லில்.

படி 4: எந்த ஊர்?

ல்ஹோட்டா என்ற பெயரில் மட்டும் செக் நாட்டில் நூற்றுக்கணக்கான ஊர்கள் உண்டு. 'புது ஊர்' என்று பொருள்படும் நோவா வெஸும் அப்படியே. அதனால் பக்கத்துப் பெரிய ஊர், மாவட்டம், பங்கு இவற்றில் ஒன்றாவது தெரிய வேண்டும். கிராமத்தில் கோவில் இல்லாவிட்டால் அது எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த படி.

படி 5: பங்குப் பதிவேடு

இவற்றை செக்கில் மத்ரிகி என்பார்கள். மாநில ஆவணக் காப்பகங்கள் இவற்றைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. தெற்குப் பொஹீமியாவுக்கு த்ர்ஷெபோன், மேற்குக்கு பில்சன், வடக்குக்கு லிடோமெர்ஷிட்சே, கிழக்குக்கு சாம்ர்ஸ்க், நடுப்பகுதிக்கு பிராக். பிறப்பு ஏடு 'நரோஸெனி', திருமணம் 'ஒத்தனீ', இறப்பு 'ஸெம்ர்ஷெலீ'. ஏட்டின் கடைசியிலோ தனி நூலாகவோ பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். கடைசி 100 ஆண்டுப் பிறப்புகள் பொதுவில் கிடைக்காது.

1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் பிறப்பித்த ஆணை நமக்குப் பெரிய உதவி. அதன்பிறகு பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தனித்தனி ஏடு, கட்டம் போட்ட பக்கம், ஒவ்வொரு பதிவிலும் வீட்டு எண். அந்த எண்ணை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான்.

நாங்கள் திறந்த பக்கத்தில் மை பழுப்பாகியிருந்தது. இடது ஓரத்தில் தேதி, அடுத்து வீட்டு எண் 23, குழந்தையின் பெயர், பிறகு அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்களின் பெயரும் ஊரும். வலது ஓரத்தில் ஞானப்பெற்றோர். மருத்துவச்சியின் பெயரும் இருந்தது! அப்பாவின் பெயரோடு 'கலுப்னிக்' என்று ஒரு சொல். சிறு நிலமும் குடிசையும் உள்ளவர் என்று பொருள். பெரிய விவசாயி என்றால் 'செட்லாக்', சொந்த வீடில்லாமல் பிறர் வீட்டில் குடியிருப்பவர் என்றால் 'பொட்ருஹ்'. ஏன் ஊரை விட்டுக் கிளம்பினார் என்பதற்கு அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பதில் இருந்தது.

மூன்று இடங்களில் தடுக்கும். மொழி லத்தீன், ஜெர்மன், செக் என்று மாறி மாறி வரும். பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'e' எழுத்து பார்க்க 'n' மாதிரியே இருக்கும்; அதே பாதிரியார் எழுதிய மாதப் பெயர்களையும் ஊர்ப்பெயரையும் வைத்து அவருடைய எழுத்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, மாதச் சுருக்கம். 7 போட்டு 'பெர்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர். மூன்றாவது, குழந்தை இறந்தால் அடுத்து பிறந்ததற்கும் அதே பெயரை வைப்பது அன்றைய வழக்கம். பெயர் பொருந்திவிட்டது என்று நிற்காமல் இறப்பு ஏட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். எங்கள் 23-ஆம் எண் வீட்டில் அதே பெயரில் இரண்டு பையன்கள். முதல் பையன் நாலு மாதம்தான் இருந்தான். மருமகள் அன்று அதற்கு மேல் பார்க்க மாட்டேன் என்று கணினியை மூடிவிட்டாள்.

பிறப்பு கிடைத்ததும் பெற்றோரின் திருமணப் பதிவு, அதிலிருந்து அவர்களுடைய பிறப்பு என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகலாம்.

படி 6: வீட்டைப் பாருங்கள்

பொஹீமியா முழுவதும் 1826 முதல் 1843 வரை நில அளவை நடந்தது. அந்த வண்ண வரைபடங்களும் செக் நில அளவைத் துறையின் தளத்தில் இருக்கின்றன. கூடவே வந்த களப்படங்களில் உரிமையாளர் பெயரும் வீட்டு எண்ணும் எழுதியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இடையில் எண்களை மாற்றிய ஊர்களும் உண்டு, கவனம். கல் கட்டடத்துக்குச் சிவப்பும், மரக் கட்டடத்துக்கு மஞ்சளும் பூசியிருப்பார்கள்.

23-ஆம் எண் வீடு ஓடைக்குப் பக்கத்தில், மஞ்சளாக இருந்தது.