கம்பியில்லா ஹெட்போன் வாங்கும் முன் கையிலுள்ள கருவியைப் பாருங்கள்

கம்பியுள்ள ஹெட்போனுக்குச் செருகும் துளை ஒன்று இருந்தால் போதும். வானொலியானாலும் கைபேசியானாலும் அது பாடும். கம்பியில்லாத ஹெட்போன் அப்படிப்பட்டதன்று. கைபேசியோ மடிக்கணினியோ தொலைக்காட்சியோ ஒலியை எந்த முறையில் சுருக்கி எந்த அலையில் அனுப்புகிறதோ, அந்த முறை ஹெட்போனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான முறைகளில் ஒன்றின் வழியாகத்தான் ஒலி வந்து சேரும். ஆகவே வாங்குவதற்கு முன் முதலில் ஆராய வேண்டியது, ஏற்கெனவே நம் கையில் இருக்கும் கருவியை.

இதை நான் என் தந்தைக்காக ஹெட்போன் வாங்கியபோது கற்றுக்கொண்டேன். அவருக்குக் காது சற்று மந்தம். இரவுச் செய்திகளை உரக்க வைத்தால் பக்கத்து அறையில் பிள்ளைகள் படிக்க முடியாது. நல்ல விலையில், உயர்தர ஒலிக்குப் பெயர்பெற்ற ஒரு புளூடூத் ஹெட்போனை வாங்கித் தொலைக்காட்சியுடன் இணைத்தேன். செய்தி வாசிப்பவரின் உதடு முன்னே அசைய, சொல் பின்னே வந்தது. ஹெட்போன் இணைந்தவுடன் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டதால் அம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டில் செருகும் அனுப்பியுடன் வருகிற சாதாரண ரேடியோ வகை ஹெட்போன் ஒன்றை, முன்னதன் விலையில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். இன்றுவரை அதில்தான் கேட்கிறார். முதல் ஹெட்போனில் பழுதேதும் இல்லை; அது அந்த இடத்துக்குரிய பொருளன்று, அவ்வளவுதான்.

ஒலி வந்து சேரும் வழிகள்

கம்பியில்லா ஹெட்போன்கள் ஒலியைப் பெறும் வழிகள் நான்கு. அகச்சிவப்புக் கதிரில் இயங்குபவை பழையவை. தொலைக்காட்சி ரிமோட்டைப் போலவே அனுப்பியும் ஹெட்போனும் ஒன்றையொன்று நேராகப் பார்த்திருக்க வேண்டும், சுவரைத் தாண்டாது. ரேடியோ அலையில் இயங்குபவை வீட்டுக்குள் அறை விட்டு அறை சென்றாலும் கேட்கும். தாமதம் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைவு. விளையாட்டுக்கென விற்கப்படும் ஹெட்போன்கள் பெரும்பாலும் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு டாங்கிள் ஒன்றுடன் வரும். அவையும் புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் தமக்கே உரிய முறையில் அனுப்புவதால் தாமதம் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் நின்றுவிடும். நான்காவது, எல்லோரும் அறிந்த புளூடூத்.

1990களில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய புளூடூத், 10ஆம் நூற்றாண்டின் டென்மார்க் மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரைத் தாங்கியது. 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 79 சிறு தடங்களில், விநாடிக்கு 1600 முறை வரை தடம் மாறி மாறித் தாவிக்கொண்டே அது தரவை அனுப்புகிறது. அதே பகுதியில் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குவதால்தான் இந்தத் தாவல். மனித உடலில் உள்ள நீர் இந்த அலையைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். கைபேசி வலப்புறப் பின்பையில் இருந்து, ஒலியை முதலில் வாங்கும் இயர்பட் இடக்காதில் இருந்தால், திறந்த மைதானத்தில் நடக்கும்போது ஒலி விட்டு விட்டு வரக்கூடும். வீட்டுக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் உதவுவதால் இந்தக் குறை தெரிவதில்லை. புதிதாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் முன் கைபேசியை மறுபக்கப் பைக்கு மாற்றிப் பாருங்கள்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 5.0, 5.3 போன்ற பதிப்பு எண்களுக்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை. 2016இல் வந்த 5.0 பதிப்பு கொண்டுவந்த கூடுதல் தொலைவும் வேகமும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத் பிரிவுக்கு உரியவை. நாம் பாட்டுக் கேட்கும் வழக்கமான வழி இன்னும் பழைய பிரிவிலேயே இயங்குகிறது. எண் கூடியதால் மட்டும் இசை தெளிவாகிவிடாது.

கோடெக் எனும் பொது மொழி

குறுந்தகட்டின் தரத்தில் பதிவான ஒலி, விநாடிக்கு 1411 கிலோபிட் தரவைக் கேட்கும். புளூடூத்தின் வழக்கமான ஒலி வழி அவ்வளவையும் தடையின்றித் தாங்காது. ஆகவே அனுப்பும் கருவி ஒலியைச் சுருக்குகிறது. பெறும் ஹெட்போன் அதை விரிக்கிறது. இந்தச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்பிசி என்ற கோடெக்கை எல்லாப் புளூடூத் இசைக் கருவிகளும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வேறு எதுவும் பொருந்தாதபோது இரண்டும் இதற்கே இறங்கிவரும். உயர்ந்த அமைப்பில் இது விநாடிக்கு 328 கிலோபிட் அனுப்புகிறது. பேருந்து இரைச்சலுக்கு நடுவே கேட்பவர்க்கு அதுவே போதுமானது. ஏஏசி ஐபோனுடன் மிக நன்றாக இயங்கும். ஆண்ட்ராய்டில் அதன் தரம் கைபேசிக்குக் கைபேசி வேறுபடும். குவால்காம் நிறுவனத்தின் ஆப்டிஎக்ஸ் 352 கிலோபிட்டும், அதன் எச்டி வடிவம் 576 கிலோபிட்டும் அனுப்புகின்றன. சோனி 2015இல் கொண்டுவந்த எல்டேக் 330, 660, 990 என மூன்று அளவுகளில் இயங்கும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 பதிப்பிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. அலைநெரிசல் மிகுந்த இடத்தில் 990 நிலைக்காமல் கீழே இறங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஐபோன் எல்டேக்கையும் ஆப்டிஎக்ஸையும் அனுப்புவதில்லை. எஸ்பிசி, ஏஏசி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஐபோன் வைத்திருப்பவர் எல்டேக் என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுத்தால், கைபேசியை மாற்றும்வரை அதனால் பயன் இல்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் தம் கருவி என்ன அனுப்புகிறது என்பதைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குச் சென்று பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பகுதி திறக்கும். ஹெட்போன் இணைந்திருக்கும்போது அங்கே புளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரியில் இயங்கும் முறையின் பெயர் தெரியும். நண்பரின் ஹெட்போனை ஒரு நாள் இரவல் வாங்கி இணைத்துப் பார்த்தாலே கைபேசியின் எல்லை புரிந்துவிடும்.

2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட, குறைந்த மின்சாரப் புளூடூத் பிரிவில் இயங்கும் எல்இ ஆடியோ இந்த வழியையே மாற்றி அமைக்கிறது. அதன் எல்சி3 கோடெக், எஸ்பிசிக்குத் தேவைப்படும் தரவில் ஏறத்தாழப் பாதியைக் கொண்டே அதற்கு நிகரான ஒலியைத் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. காதுகேள் கருவிகளையும் இதே முறையில் நேரடியாக இணைக்க முடியும். அதன் ஆராகாஸ்ட் வசதியால் ஒரே கருவியின் ஒலியை எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். ஐந்து ஆண்டு வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் கைபேசியிலும் இது இருக்க வேண்டும்.

பேசும்போது ஒலி ஏன் கெடுகிறது

இணையவழி வகுப்பிலோ அலுவலகக் கூட்டத்திலோ சேர்ந்தவுடன், அதுவரை அருமையாகப் பாடிய ஹெட்போன் பழைய தொலைபேசியைப் போல ஒலிப்பதைப் பலர் பழுது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். அது பழுதன்று. இசைக்கான புளூடூத் வழி ஒருதிசை வழி; மைக் இயங்கத் தொடங்கியதும் கருவி அழைப்புக்கான வேறொரு வழிக்கு மாறிவிடுகிறது. அந்த வழியில் பழைய முறை விநாடிக்கு 8000 முறையும், மேம்பட்ட முறை 16,000 முறையும் மட்டுமே ஒலியை மாதிரி எடுக்கின்றன. குறுந்தகட்டில் அது 44,100 முறை. இரு காதுக்கும் தனித்தனியே வந்த ஒலியும் ஒன்றாகிவிடுகிறது. மடிக்கணினியில் இதற்கு எளிய தீர்வு உண்டு: கூட்டச் செயலியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் மைக்கையே தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டால் ஒலி பெரும்பாலும் பழைய தரத்துக்குத் திரும்பும். நாள் முழுவதும் அழைப்புகளில் பேசுபவர்களுக்கு, வாயருகே நீளும் மைக் தண்டு உள்ள ஹெட்செட்டையே நான் பரிந்துரைப்பேன். காதோரம் மைக் உள்ள எந்த இயர்பட்ஸும் காற்றிலும் சந்தடியிலும் அதற்கு ஈடாகாது.

தாமதத்தையும் பயன்பாட்டை வைத்தே எடைபோட வேண்டும். எஸ்பிசி, ஏஏசி வழியில் ஒலி காதை அடைய ஏறத்தாழ 150 முதல் 250 மில்லி விநாடி பிடிக்கும். பாட்டுக்கு அது பொருட்டன்று. கைபேசியில் படம் பார்க்கும் செயலிகள் பெரும்பாலும் அந்த அளவுக்குக் காட்சியைப் பிந்தவைத்துச் சரிசெய்துகொள்கின்றன. விளையாட்டிலும், கீபோர்டு வாசித்துப் பழகும்போதும் அப்படிப் பிந்தவைக்க முடியாது. அவற்றுக்கு டாங்கிள் வகையோ கம்பியோதான் ஏற்றது.

இரைச்சல் நீக்கமும் காதுக்குப் பொருந்துதலும்

எதிரலை ஒன்றை எழுப்பி ஓசையை அடக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஹெட்போனில் அதைச் சாத்தியமாக்க முனைந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற தந்தையின் மகன். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது, விமான இரைச்சலில் ஹெட்போன் இசையை ரசிக்க முடியாமல் போகவே, அந்தப் பயணத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். 1989இல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வெளி ஓசையை மைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வதே இதன் இயக்கம். இடைவிடாத தாழ்ந்த ஓசையில், அதாவது பேருந்து எஞ்சின், ஏசி, மின்விசிறி ஆகியவற்றின் முழக்கத்தில், இது சிறப்பாக வேலை செய்யும். குழந்தையின் அழுகை, ஹாரன், பக்கத்து இருக்கையின் பேச்சு போன்றவை இதனால் முழுதும் அடங்குவதில்லை. அவற்றைத் தடுப்பது காதை மூடியிருக்கும் மெத்தையோ ரப்பர் முனையோதான். சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதை அணியவே கூடாது என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். தெருவில் நடக்கும் பழக்கமுள்ளவர்கள் காதுத் துளையை மூடாத திறந்த வகையையோ எலும்பின் வழியே ஒலி கடத்தும் வகையையோ பார்க்கலாம். இவற்றில் பாஸ் எனும் தாழ்ந்த ஒலி குறைவாகவே இருக்கும்.

இயர்பட்ஸ் வாங்குபவர்கள் கோடெக்கைவிடவும் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது ரப்பர் முனையின் அளவு. முனைக்கும் காதுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலி முழுவதும் கசிந்து, மத்தளம் தகரம் தட்டுவது போலக் கேட்கும். பெட்டியில் வரும் எல்லா அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று எண்ண வேண்டாம். கண்ணாடி அணிபவர்கள் காதை முழுதாக மூடும் வகையைக் குறைந்தது 20 நிமிடம் அணிந்து பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

மின்கலம் பற்றி விளம்பரத்தில் வரும் 30 மணி நேரம் என்பது இயர்பட்ஸைப் பொறுத்தவரை பெட்டியில் இருக்கும் சேமிப்பையும் சேர்த்த கணக்கு. ஒரே மூச்சில் எத்தனை மணி என்று கேளுங்கள். இரைச்சல் நீக்கமும் எல்டேக்கும் அந்த நேரத்தைக் குறைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல லித்தியம் மின்கலம் தளர்ந்துபோகும். இயர்பட்ஸில் அதை மாற்றுவது ஏறக்குறைய இயலாது. பெரிய ஹெட்போன்களில் 3.5 மில்லிமீட்டர் துளை உள்ளதை வாங்கினால், பல மாடல்கள் மின்கலம் தீர்ந்த பின்னும் கம்பியில் பாடும். நீரைத் தாங்கும் திறனைக் குறிக்கும் ஐபிஎக்ஸ் தரக்குறியில், ஐபிஎக்ஸ்4 என்றால் வியர்வையும் தூறலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். சார்ஜ் பெட்டிக்கு அந்தத் தாங்கும் திறன் பெரும்பாலும் இருப்பதில்லை. ஈரமான இயர்பட்ஸைத் துடைக்காமல் உள்ளே வைத்தால் உலோக முனைகள் அரித்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரமும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல்லில் 40 மணி நேரமும் எல்லையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. பேருந்தில் நாள்தோறும் கேட்பவர்க்கு இரைச்சல் நீக்கத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது தகும் என்று நான் சொல்வது இதனால்தான்; வெளி ஓசை அடங்கினால் நாம் ஒலியைக் கூட்டத் தேவையில்லை.

கடையில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், நன்கு பழகிய ஒரு பாட்டை உங்கள் கைபேசியிலிருந்தே இணைத்துக் கேளுங்கள். கடையின் கைபேசியில் கேட்பது உங்களுக்கு உதவாது. பிறகு வாசலுக்கு வந்து, சாலைச் சந்தடியில் நின்று, வீட்டுக்கு ஓர் அழைப்பு செய்து, உங்கள் குரல் எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்று விசாரியுங்கள். கைபேசியையும் மடிக்கணினியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவராயின், இரண்டோடும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும் மல்டிபாயிண்ட் வசதி உண்டா என்று கேளுங்கள். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகள் அனைத்தையும் முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டியையும் பயன்படுத்தாத ரப்பர் முனைகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.