லைக்ராவில் தையல் விட்டுப்போகிறதா? ஊசியை மாற்றுங்கள்

வீட்டில் லைக்ரா என்னும் நீளும் துணியில் நீச்சலுடை தைக்க உட்காரும் முன், மெஷினில் இருக்கும் சாதாரண ஊசியைக் கழற்றிவிட்டு 75/11 அளவு ஸ்ட்ரெச் ஊசியை மாட்டுங்கள். பாலியஸ்டர் நூலில் சின்ன ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) போடுங்கள். அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. இருந்தால் சரி.

கூர்முனை ஊசி லைக்ராவின் இழையைக் குத்திக் கிழிக்கும், இடையிடையே தையலும் விட்டுப்போகும். ஸ்ட்ரெச் ஊசியின் மழுங்கிய முனை இழைகளை விலக்கிக்கொண்டு இறங்குகிறது. நேர்த்தையல் துணியோடு நீளாது. உடையை இழுத்துப் போடும்போதே பட்டென்று அறுந்துவிடும். (குளத்தில் அறுந்தால் இன்னும் சங்கடம்!) ஜிக்ஜாக் விரிந்து கொடுக்கும்.

நீளாத நெய்த துணியில் நீச்சல் அரைக்கால்சட்டை தைப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மெஷினுக்கும் இது முழுதாகப் பொருந்தாது.