பிவிஏ நானோ இழை நூற்பதும், அதைத் தண்ணீரில் கரையாமல் காப்பாற்றுவதும்

எலக்ட்ரோஸ்பின்னிங் (உயர் மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை மிக மெல்லிய இழையாக இழுத்து, விரிப்பாகச் சேர்ப்பது) பழக வருபவர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது பிவிஏ, அதாவது பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பாலிமர். கரைப்பான் வெறும் தண்ணீர், குளோரோஃபார்ம் நாற்றமெல்லாம் கிடையாது. ஆனால் பின்னால் தொல்லை கொடுப்பதும் அதே தண்ணீர்தான். மூன்று மணி நேரம் நூற்ற என் முதல் விரிப்பில் ஒரு சொட்டு நீர் விட்டேன், நாக்கில் பட்ட பஞ்சுமிட்டாய் போல அந்த இடமே காணாமல் போனது.

1 கிராம் பிவிஏ (மூலக்கூறு எடை 1 லட்சத்தை ஒட்டி, 87–89% ஹைட்ராலிசிஸ் ஆனது, அதாவது சங்கிலியில் அவ்வளவு பங்கு அசிடேட் ஆல்கஹாலாக மாறியது), 9 கிராம் காய்ச்சி வடித்த நீர். பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கிக்கொண்டே 85 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். கொதிநீரில் கொட்டினால் கேழ்வரகு மாவு மாதிரி கட்டி தட்டும், அப்புறம் என்ன கலக்கினாலும் உடையாது. ஆறியதும் 0.1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து, குமிழி போக ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள்.

முனை மழுங்கிய 22 கேஜ் ஊசி, அதன் வழியே கரைசலை மணிக்கு 0.5 மி.லி. தள்ளும் சிரிஞ்ச் பம்ப், எதிரே 12–15 செ.மீ. தள்ளி எர்த் செய்த அலுமினியம் ஃபாயில். ஊசிக்குக் கொடுக்கும் வோல்டேஜை மெதுவாக ஏற்றுங்கள். 15 கிலோவோல்ட் பக்கம் வரும்போது ஊசி முனைச் சொட்டு கூம்பாக இழுபடும் (1964-இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் கணக்குப் போட்டுக் காட்டிய கூம்பு இதுதான்), பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நூல் கொஞ்ச தூரம் நேராகப் போய்ச் சாட்டை போல் சுழல்வது தெரியும். சொட்டு வடிந்தால் பம்ப் வேகத்தைக் குறையுங்கள். ஊசியைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்தி, எர்த் கம்பியால் ஒருமுறை தொட்டுவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம்.

முழு விரிப்பும் நூற்கும் முன், ஃபாயில் மேல் ஒரு கண்ணாடிச் சில்லைப் பத்து விநாடி காட்டிச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நூலில் கோத்த பாசிமணி போல் தெரிந்தால் கரைசல் நீர்த்துவிட்டது, பிவிஏவை 11–12% ஆக்குங்கள். மழை நாளில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் நான் இயந்திரத்தையே போடுவதில்லை.

சரி, விரிப்பு வந்தாயிற்று. ஃபாயிலோடு ஓவனில் 140 டிகிரி, 2 மணி நேரம். சிட்ரிக் அமிலம் பிவிஏ சங்கிலிகளை எஸ்டர் பிணைப்பால் முடிச்சுப் போட்டுவிடும். லேசாக மஞ்சள் தட்டினால் பயப்பட வேண்டாம். உரித்து, எடை போட்டு, ஒரு ராத்திரி நீரில் ஊறவைத்துக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள். நிறையக் குறைந்திருந்தால் முடிச்சு போதவில்லை, அடுத்த தடவை அமிலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கிருமி எதிர்ப்பு வேண்டுமென்றால் இந்த விரிப்பை நீர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து வெயிலில் காட்டலாம், பழுப்பேறுவது வெள்ளித் துகள் உருவாவதன் அடையாளம். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் குளோரைடு பிடித்துப் பால் மாதிரி வெளுத்துவிடும். கையுறை போடுங்கள், விரலில் பட்ட கறை வாரக்கணக்கில் போகாது. முறையான சோதனை ஆகாமல் இதை யார் புண்ணிலும் வைத்துவிடாதீர்கள்.