மிக்-21 சிமுலேட்டரில் எகிறும் மூக்கை அடக்கிய விதம்

1963 முதல் 2025 வரை இந்திய விமானப்படையில் பறந்த மிக்-21 போர் விமானத்தை டி.சி.எஸ். என்னும் கணினி விமான சிமுலேட்டரில் ஓட்டும்போது, ஜாய்ஸ்டிக்கை இம்மியளவு இழுத்தாலே மூக்கு எகிறி, வேகம் மளமளவென்று இறங்கிவிடும். வேகம் இறங்குவது உண்மையான விமானத்தின் குணம்தான். மூக்கைத் தூக்கினால் முக்கோண வடிவ டெல்டா இறக்கையில் இழுவை, அதாவது காற்றின் தடை, அப்படித்தான் கூடும். ஆனால் மூக்கு எகிறியதற்குக் காரணம் என் மேசையில் இருந்தது.

உண்மையான விமானத்தில் விமானி பிடிக்கும் தண்டு நீளமானது. என் ஜாய்ஸ்டிக் ஒரு சாண்கூட இராது; அதனால் கை கொஞ்சம் அசைந்தாலே அது நிறையச் சாய்ந்துவிடும். பலரும் சொல்வதுபோல மென்பொருளில் வளைவு அமைத்தால் (நடுவில் ஜாய்ஸ்டிக்கின் அசைவைக் குறைத்துக் காட்டும் அமைப்பு) நடுவில் மென்மை கிடைத்தாலும், மிச்ச அசைவெல்லாம் ஓரத்தில் சேர்ந்து திடீரென்று உலுக்கும் என்பதால் அது எனக்குப் பிடிக்கவில்லை. வியாசர்பாடி லேத் பட்டறை ஒன்றில் அலுமினியக் குழாய்க்கு இரு முனையிலும் மரை போட்டு வாங்கி ("எந்த வண்டிக்குப்பா இது?" என்று பட்டறை அண்ணன் கேட்டார்), தண்டுக்கும் கைப்பிடிக்கும் இடையே பொருத்தி, உள்ளே ஒயரை நீட்டிப் பற்றவைத்தேன். அடிப்பாகம் கவிழப் பார்த்ததால் மேசை விளிம்போடு சி-கிளாம்பு போட்டு இறுக்கினேன். ராயபுரத்து உப்புக்காற்றில் கறுத்திருந்த, தண்டின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்ததும் நடுக்கமும் நின்றது.

தரையிறக்கம் வேறு கதை. மிக்-21பிஸ் ரகத்தில், முழுதாக இறக்கிய ஃபிளாப்புகளின் (இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) மேல் எஞ்சினிலிருந்து எடுத்த காற்று பீச்சப்பட்டு விமானத்தைத் தூக்கிப் பிடிப்பதால், ஓடுபாதைக்கு முன்பே திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) அடியோடு குறைத்தால் அந்தக் காற்றும் குறைந்து விமானம் தொப்பென்று விழும். அதற்கு எந்தக் குழாயும் உதவாது. எஞ்சின் சுழற்சியைக் கடைசிவரை விட்டுவிடாமல்தான் இறக்குகிறேன்.