ஐடி வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள்

ஐடியில் 2 வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவது சகஜம். மாறிய கையோடு பழைய பிஎஃப்பை எடுத்து பைக் வாங்குவதும் சகஜம். நானும் முதல் வேலையை விட்டபோது அதைத்தான் செய்தேன். அந்த பைக் இப்போது இல்லை.

1,50,000 ரூபாயை எடுக்காமல் விட்டால், 8 சதவீதக் கூட்டுவட்டி என்று வைத்துக்கொண்டாலே 25 வருடத்தில் 10 லட்சத்தைத் தாண்டும். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம். 5 வருடத் தொடர் சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி வேறு கட்ட வேண்டும். புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டால் பழைய கம்பெனி வருடங்களும் அந்த 5-இல் சேரும். பென்ஷன் கிடைக்கத் தேவையான 10 வருட சர்வீஸ் கணக்கும் அறுந்துபோகாது.

புது கம்பெனியில் சேரும்போது பழைய யுஏஎன் எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் அடையாள எண்) கொடுங்கள். இன்னொன்று உருவானால் தலைவலிதான். பிறகு பிஎஃப் நிறுவனத்தின் இணையதளமான மெம்பர் போர்ட்டலில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, பழைய கம்பெனிக்கு நேராக வெளியேறிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எச்ஆர் போடவில்லை என்றால், கடைசிச் சந்தா விழுந்து 2 மாதம் கழித்து 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதன்பின் டிரான்ஸ்ஃபர் கோரிக்கை.

பணம் மாறியபின் பாஸ்புக்கில் பென்ஷன் தொகை நகராமல் பூஜ்யமாகத் தெரியும். பதற வேண்டாம், பென்ஷனுக்குக் கணக்கு சர்வீஸ் வருடங்களும் சம்பளமும்தான், இந்தத் தொகை அல்ல.