'சிஸ்டர்' என்றால் அக்காவா, தங்கையா? ஹங்கேரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல் வழிகாட்டி

ஹங்கேரிக்கு வந்த புதிதில் நம்மில் பலர் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் மாற்றி, அந்த ஒற்றைச் சொல்லைக் கைப்பேசியில் தட்டி, வருகிற ஹங்கேரியச் சொல்லைக் கடைக்காரரிடம் காட்டுகிறோம். கோளாறு நடுவில் இருக்கும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. 'ஃப்ரீ', 'சேஞ்ச்', 'பில்', 'ஹாட்' மாதிரியான சின்னச் சொற்கள் ஆளுக்கு நாலைந்து பொருளைச் சுமக்கின்றன. ஹங்கேரிய மொழி அந்தப் பொருள்களுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. பெரும்பாலான இடங்களில் தமிழும் அப்படியே வைத்திருக்கிறது. அதனால் முதலில் தமிழில் எந்தப் பொருள் என்று பிரித்துக்கொண்டு, அந்தப் பொருளுக்கான ஹங்கேரியச் சொல்லைத் தேடினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். 'சிஸ்டர்' என்று மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், அக்காவா தங்கையா என்று அதற்குத் தெரியாது. ஏதோ ஒன்றைக் கொடுக்கும். ஹங்கேரியர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். அக்கா 'நோவேர்', தங்கை 'ஹூக்', அண்ணன் 'பாத்ய்', தம்பி 'ஒச்'. "என்" சேர்த்துச் சொல்லும்போது நோவேரெம், ஹூகொம், பாத்யாம், ஒச்சேம். படிவத்தில் 'தெஷ்த்வேர்' என்று கேட்டால் அது உடன்பிறந்தவர், மூத்தவரோ இளையவரோ. இன்னொன்றும் நமக்குப் பழகியதுதான்: மருத்துவமனையில் செவிலியரையும் 'நோவேர்' என்றே அழைப்பார்கள், நம் ஊரில் சிஸ்டர் என்று கூப்பிடுவதைப் போல.

ஆங்கிலத்தின் 'யூ' கூட இங்கே இரண்டாகப் பிரியும். நீ என்றால் 'தெ', நீங்கள் என்றால் 'ஒன்'. அலுவலகம், வங்கி, மருத்துவர், வயதானவர் எல்லாரிடமும் நீங்கள்தான். 'மகா' என்று ஒரு மரியாதைச் சொல்லும் உண்டு. சில இடங்களில் அது சற்று விறைப்பாக ஒலிக்கும், புதியவர்கள் 'ஒன்' என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 'ஸியா' என்பது நீ என்று பேசுகிறவர்களுக்குள் மட்டும். வரும்போதும் அதையே சொல்வார்கள், போகும்போதும் அதையே. 'ஹலோ' சொல்லிக்கொண்டே ஒருவர் எழுந்து போனால் குழம்ப வேண்டாம், விடைபெறுகிறார்.

பலகைகளைப் படிக்க ஒரு குறிப்பு. எஸ் எழுத்து தனியாக வந்தால் 'ஷ' ஒலி. அதோடு இசட் சேர்ந்தால்தான் 'ஸ'. சி எழுத்து தனியாக வந்தால் 'ட்ஸ', எஸ் சேர்ந்தால் 'ச்ச'. ஜே எழுத்துக்கு 'ய' ஒலி. எந்தச் சொல்லிலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். குறில் நெடில் வேறுபாடு நம் மொழியில் போலவே பொருளை மாற்றும். நமக்குக் காது பழகிய விஷயம் என்பதால் இதை எளிதில் பிடித்துவிடலாம்.

உடல்நிலையைச் சொல்வதில் ஆங்கில வாக்கியத்தை அப்படியே மாற்றினால் பொருள் வேறெங்கோ போய்விடும். வெக்கையாக இருக்கிறது என்பதற்கு 'மெலெகெம் வன்' என்று சொல்ல வேண்டும். அதை விட்டு 'ஐ ஆம் ஹாட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'மெலெக் வத்யொக்' என்றால், நான் தன்பால் ஈர்ப்பாளர் என்று பொருள். குளிர்கிறது என்பதற்கு ஒரே சொல், 'ஃபாஸொம்'. எனக்குப் பிடித்திருக்கிறது என்பது 'நெக்கெம் தெட்ஸிக்'. நெக்கெம் என்றால் எனக்கு. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்குகிற இந்த வாக்கியம் தமிழிலும் ஹங்கேரியனிலும் 'எனக்கு' என்றே தொடங்குகிறது. "எனக்கு ஒரு மகன் இருக்கிறான்" என்பதும் இதே கட்டுமானம்தான். சாப்பாடு பிடித்திருக்கிறது என்றால் மட்டும் தெட்ஸிக் வேண்டாம், 'ஈஸ்லிக்' என்று சொல்லுங்கள்.

இனி பணம். இங்கேதான் தவறுக்கு விலை கொடுக்க நேரும்.

'பில்' என்று தேடினால் 'ஸாம்லா' என்று வரும். சரிதான், ஆனால் அதே ஸாம்லா வங்கிக் கணக்குக்கும் பெயர். கடையில் காசாளர் ஸாம்லா வேண்டுமா என்று கேட்டால், பெயரும் முகவரியும் போட்ட வரி ரசீது வேண்டுமா என்கிறார்; சாதாரணத் துண்டுச்சீட்டின் பெயர் 'ஞுக்தா', பேச்சு வழக்கில் 'ப்ளொக்'. பொருளை மாற்றவோ திருப்பவோ அந்த ப்ளொக் தேவைப்படும், எறிந்துவிடாதீர்கள். மின்கட்டணத் தாளில் ரசீதின் வரிசை எண்ணும் இருக்கும், பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கின் எண்ணும் இருக்கும். இரண்டுக்கும் தலைப்பு ஸாம்லா என்றே தொடங்கும். வங்கிக் கணக்கு எண் 16 அல்லது 24 இலக்கம் கொண்டது, எட்டு எட்டாகப் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

'சேஞ்ச்' இன்னும் விரிவு. சில்லறைக் காசு 'அப்ரோபேன்ஸ்' அல்லது வெறும் 'அப்ரோ'. கடைக்காரர் திருப்பித் தரும் மீதி 'விஸ்ஸயாரோ'. நாணயம் மாற்றும் கடை 'பேன்ஸ்வால்தோ'. வண்டி மாறுவது 'ஆத்ஸால்லாஷ்'. வாங்கிய சட்டையை வேறு அளவுக்கு மாற்றுவது 'செரெ'. 1, 2 ஃபோரின்ட் நாணயங்கள் 2008 முதல் புழக்கத்தில் இல்லை. அதனால் ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்துக்குச் சரிசெய்யப்படும், யாரும் ஏமாற்றவில்லை. உணவகத்தில் நோட்டை நீட்டும்போது நன்றி என்ற பொருளில் 'கொஸொனொம்' சொல்லிவிட்டால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பரிசாரகர் எடுத்துக்கொள்வார். மீதி வேண்டுமென்றால் அது கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள்.

'டெபாசிட்' என்ற ஒரே சொல்லை நம்பி வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். வாடகைக்கான முன்பணம் 'கௌட்ஸியோ'. வழக்கமாக இரண்டு மாத வாடகை கேட்பார்கள். வீடு பிடித்துவிட்டது, வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கையில் கொடுக்கும் பணம் 'ஃபொக்லலோ'வாகவும் இருக்கலாம், 'எலோலெக்'காகவும் இருக்கலாம். தாளில் எழுதியிருப்பது எது என்று கட்டாயம் பாருங்கள். ஃபொக்லலோ கொடுத்துவிட்டு உங்கள் தவறால் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். வாங்கியவர் தவறினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். எலோலெக் வெறும் முன்பணம், ஒப்பந்தம் நடக்காவிட்டால் திரும்பி வர வேண்டியது. செயலி இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லாக்கிவிடக்கூடும். வாடகையோடு 'ரெஜி' என்று தனியாக எழுதியிருந்தால் அது மின்சாரம், தண்ணீர், எரிவாயு போன்ற செலவுகள்; வாடகைக்குள் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், குளிர்பானப் புட்டிகளுக்கும் ஒரு டெபாசிட் உண்டு: 2024 முதல் புட்டிக்கு 50 ஃபோரின்ட். 'ரெபொன்த்' என்று எழுதிய இயந்திரத்தில் நசுக்காமல் போட்டால் திரும்பக் கிடைக்கும். நசுக்கினால் இயந்திரத்தால் பட்டைக்கோட்டைப் படிக்க முடியாது, பணமும் வராது.

'ஃப்ரீ'க்கு மூன்று சொல் போதும். காசு இல்லாதது 'இந்த்யெனெஷ்'. காலியாக இருப்பது 'ஸபத்'. கழிப்பறைக் கதவில் இப்படி இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்றுதான் அர்த்தம், இலவசம் என்று அர்த்தமில்லை. ஒரு பொருள் சேராதது 'மெந்தெஷ்': சர்க்கரை சேராதது 'ட்ஸுகொர்மெந்தெஷ்'. ஸபத்திலிருந்து வந்த 'ஸபத்ஷாக்' என்றால் விடுதலை. வேலையில் சேர்ந்ததும் அதே சொல் உங்கள் ஆண்டு விடுப்பைக் குறிக்கும். அடிப்படையாக 20 வேலைநாள். உடம்பு சரியில்லாத விடுப்பு தனி.

'டிக்கெட்' என்பதற்கு 'யெத்ய்'. மாதச் சீட்டு 'பேர்லெத்'. புதாபெஸ்தில் 'வொனல்யெத்ய்' என்ற ஒற்றைப் பயணச்சீட்டு ஒரு பயணத்துக்குத்தான். ஒரு மெட்ரோவிலிருந்து இன்னொரு மெட்ரோவுக்கு மாறலாம், டிராமுக்கு மாறினால் புதுச் சீட்டு வேண்டும். காகிதச் சீட்டைப் பயணத் தொடக்கத்தில் இயந்திரத்தில் பதியாவிட்டால், சீட்டு கையில் இருந்தாலும் 'பீர்ஷாக்', அதாவது அபராதம். பல்கலைக்கழகத்தில் யெத்ய் என்றால் மதிப்பெண். 5 மிக நன்று, 1 தோல்வி.

சமையலறைக்கு வருவோம். 'பெப்பர்' என்று கேட்டுக் கடைக்குப் போனால் வெறுங்கையோடு வரலாம், ஏனென்றால் மிளகு வேறு, மிளகாய் வேறு, குடைமிளகாய் வேறு என்று தமிழ் பிரித்து வைத்ததை ஆங்கிலம் கலந்துவிட்டது. மிளகு 'பொர்ஷ்'. கடைசியில் ஓ சேர்த்து 'பொர்ஷோ' என்றால் பட்டாணி. 'பாப்ரிகா' என்பது காய்க்கும் பெயர், தூளுக்கும் பெயர். வெளிர்பச்சையில் கூம்பு மாதிரி இருக்கும் 'தேவே பாப்ரிகா' உள்ளே பூரணம் வைக்கிற காய், காரம் இருக்காது. குழம்புக்குக் காரம் வேண்டுமென்றால் 'ஹெத்யெஷ் எரோஷ்' என்ற கூர்முனை மிளகாய். எரோஷ் என்றால் வலுவானது. மிளகாயின் மேல் எழுதியிருந்தால் காரம். தூள் பொட்டலத்தில் 'ஏதெஷ்நெமெஷ்' என்றால் நிறமும் மணமும் மட்டுமே, 'ச்சீப்போஷ்' என்றால் காரம். உணவகத்தில் 'ஹாட்' வேண்டும் என்று சொல்லாமல், காரமாக வேண்டுமா (ச்சீப்போஷ்), கொதிக்கக் கொதிக்க வேண்டுமா (ஃபொர்ரோ) என்று முடிவு செய்துகொண்டு கேளுங்கள்.

சீரகத்தில் ஏமாறாதவர் குறைவு. வெறும் 'கொமேஞ்' அல்லது 'கொமேஞ்மக்' என்று எழுதிய பொட்டலம் பார்க்கச் சீரகம் போலவே இருக்கும். உள்ளே இருப்பது கேரவே விதை. ரசத்தில் போட்டால் ரொட்டிக்கடை வாசனைதான் வரும். நம் சீரகம் 'ரோமாயி கொமேஞ்', சோம்பு 'ஏதெஷ்கொமேஞ்'. மூன்றிலும் ஒரே வேர்ச்சொல் என்பதால் முன்னால் இருக்கும் அடைமொழியைப் படிக்காமல் வாங்காதீர்கள். கடுகு வேண்டுமென்றால் 'முஷ்தார்மக்'; முஷ்தார் மட்டும் என்றால் குழாயில் வரும் கடுகு விழுது. ரவை 'பூஸதரா', கடலை மாவு 'ச்சிச்செரிபொர்ஷோலிஸ்த்', சப்பாத்திக்கு 'தெல்யெஷ் கியொர்லேஷூ' என்று எழுதிய முழுக்கோதுமை மாவு. சாம்பாருக்குத் துவரை கிடைக்காத நாளில், உடைத்த 'ஷார்கபொர்ஷோ', அதாவது மஞ்சள் பட்டாணிப் பருப்பு, நன்றாகவே குழையும்.

'க்ரீம்' கேட்டால் முகத்துக்குப் பூசுவது வரைக்கும் போகும். சமையல் பாலாடை 'தெய்ஸீன்', புளித்த கெட்டிப் பாலாடை 'தெய்ஃபொல்'. தெய்ஃபொல் 12, 20 சதவீதக் கொழுப்பில் கிடைக்கும். தயிருக்குப் பதிலாகக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால் 12 சதவீதம் திரிந்துபோகும், அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். தயிர்சாதத்துக்கு 'நதூர் யொகூர்த்'. 'அலுத்தெய்' என்று ஒன்று உண்டு, உறங்கிய பால் என்று பொருள். தானாக உறைந்த பால், நம் தயிருக்கு நல்ல நெருக்கம்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'ஜீர்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். சத்து அட்டவணையில் ஜீர் என்றால் வெறும் கொழுப்பு அளவு, பயப்பட ஒன்றுமில்லை. சேர்மானப் பட்டியலில் 'ஷெர்தேஷ்ஜீர்' என்றிருந்தால் பன்றிக்கொழுப்பு. பேக்கரியில் பிஸ்கட் போல இருக்கும் 'தெபெர்தோஷ் பொகாச்சா' பன்றிக்கொழுப்பின் வறுவலைச் சேர்த்துப் பிசைந்தது. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கொழுப்பு கணக்கில் வராமல் போகலாம். இப்படிக் கேளுங்கள்: "வன் பென்னெ ஹூஷ், ஜீர் வத்ய் ஸலொன்னா?" இதில் இறைச்சியோ, பன்றிக்கொழுப்போ, உப்பிட்ட கொழுப்புத்துண்டோ இருக்கிறதா என்பது அதன் பொருள்.

நேரத்தில் ஒரு மணி நேரம் தவறவிட எளிய வழி 'ஃபேல் ஞொல்ட்ஸ்'. அரை எட்டு என்று சொல்லுக்குச் சொல் வரும். பிரிட்டிஷ் ஆங்கிலப் பழக்கத்தில் எட்டரை என்று நினைப்போம். உண்மையில் ஏழரை. எட்டாவது மணி பாதி ஆகியிருக்கிறது என்பதே கணக்கு. அதேபோல் 'நெத்யெத் ஞொல்ட்ஸ்' ஏழேகால், 'ஹாரொம்நெத்யெத் ஞொல்ட்ஸ்' ஏழேமுக்கால். மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது இலக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மணிக்கு அவர்கள் சொல்வது 'ஓரா'; நம் பஞ்சாங்கத்து ஓரையும் இதுவும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை, மறக்காது.

படிவங்களில் 'ஃபர்ஸ்ட் நேம்' என்று யோசித்தால் தலைகீழாகிவிடும். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள். 'வெஸெதேக்நேவ்' அல்லது 'சலாதி நேவ்' குடும்பப் பெயர். 'உதோநேவ்' உங்கள் பெயர், பின்னால் வரும் பெயர் என்றே அதற்குப் பொருள். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள், அழைக்கிற வழக்கத்தைப் பார்க்க வேண்டாம். 'அஞ்ஞா நெவெ' என்ற கட்டத்தை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள்: தாயின் பெயர், திருமணத்துக்கு முந்தைய வடிவம். வங்கியிலும் மருத்துவமனையிலும் ஆளை அடையாளம் காண இதைக் கேட்பார்கள். அம்மாவின் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்து, கடைசி வரை அதையே எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பதிவு பொருந்தாமல் போகலாம்.

முகவரியில் தரைத்தளம் 'ஃபொல்த்ஸின்த்', மாடி 'எமெலெத்'. புதாபெஸ்தின் பழைய கட்டடங்களில் நடுவே 'ஃபேலெமெலெத்' என்ற அரைமாடியும் இருக்கும், அதனால் முதல் மாடிக்கு இரண்டு மாடிப் படி ஏற வேண்டியிருக்கும். புதாபெஸ்தின் அஞ்சல் குறியீட்டில் நடு இரண்டு இலக்கம் நகரின் நிர்வாக வட்டத்தைக் காட்டும்: 1074 என்றால் ஏழாவது வட்டம். ஒரே தெருப்பெயர் பல வட்டங்களில் உண்டு. டாக்சிக்குக் குறியீட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'த்ரொகேரியா' என்ற பலகையைப் பார்த்து மருந்துக்கு நுழையாதீர்கள், அங்கே சோப்பு, ஷாம்பு, சலவைத் தூள்தான் முக்கியம். மருந்துக் கடை 'பத்திகா'. மருந்துச் சீட்டு 'ரெட்ஸெப்த்'. சமையல் குறிப்புக்கும் அதே சொல். அவசரத்துக்கு 112, நேரடியாக ஆம்புலன்சுக்கு 104.

செயலியைப் பயன்படுத்தும்போது ஒற்றைச் சொல்லைத் தராமல் முழுச் சிறு வாக்கியமாகத் தாருங்கள்: "நூறு ஃபோரின்ட்டுக்குச் சில்லறை வேண்டும்" என்ற அளவுக்காவது. வந்த ஹங்கேரிய வாக்கியத்தை நகலெடுத்துத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். பொருள் நழுவியிருந்தால் அங்கேயே தெரியும். கடைப்பொருள் என்றால் ஹங்கேரியச் சொல்லைப் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். கொமேஞ்சுக்கு எந்த விதையின் படம் வருகிறது என்று பார்த்த பிறகு பொட்டலத்தை எடுத்தால் போதும்.